உப்புத் தண்ணீரில் இருபத்து நான்கு மில்லிமீட்டர்

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். அக்கா என்று தொடங்க எனக்கும் கை வரும். ஆனால் சற்று முன் நான் கூப்பிட்டபோது, "பள்ளிக்கூட விஷயத்துல எனக்குத் தங்கச்சின்னு யாரும் கிடையாது, மத்தவங்க மாதிரி தேதி போட்டு எழுதி ஆபீஸ்ல குடு" என்று போனை வைத்துவிட்டீர்கள். தேதி போட்டாயிற்று. எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஜெல்லி மிட்டாய் கொடுத்தீர்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை ஒரு கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டு, மறுநாள் அளந்து எழுதச் சொன்னீர்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் சவ்வூடு பரவல் சோதனை. என் மகள் எழுதியது இதுதான்: போடும்போது இரண்டும் இருபது மில்லிமீட்டர். மறுநாள் வெறும் தண்ணீரில் இருந்தது முப்பத்தொன்று. உப்புத் தண்ணீரில் இருந்தது இருபத்து நான்கு. உப்புத் தண்ணீரில் மிட்டாய் சுருங்க வேண்டுமாம். இவளுடையது பெருத்துவிட்டது. அதற்கு நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருப்பது: "பொய்ப் பதிவு. திருத்தி எழுதுக."

நேற்று அவள் இதை மட்டும்தான் காட்டினாள். மீதியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மகள் இன்று சாயங்காலம் சொன்னாள். அதே வகுப்புப் பெண்.

"ஆன்ட்டி, டீச்சர் அவளை நாக்கை நீட்டச் சொன்னாங்க. மிட்டாய் தின்ன கலர் இருக்கான்னு பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. 'வாயைக் கழுவிட்டு வந்திருப்பா'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சுட்டேன், ஆன்ட்டி."

பதினோரு வயதுப் பெண்ணை நாற்பது பேர் முன்னால் நாக்கை நீட்டு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? டாக்டர்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் நாக்கைப் பார்க்கிறார். இன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி வைத்துக்கொண்டார்களாம். 'மிட்டாய்த் திருடி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை தட்டில் தண்ணீர் ஊற்றிக் கலர் மிட்டாயை வைத்து, ஓரத்தில் வைத்த சாயம் தானாகவே தட்டு முழுக்கப் பரவுவதைக் காட்டினீர்களாமே. புதன்கிழமை நீங்கள் சொன்ன 'பொய்' என்ற சொல் வியாழக்கிழமைக்குள் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. நல்ல பாடம்தான்.

நான் கேட்பது ஒன்றுதான். நாற்பது பேர் முன்னால் சொன்னதை அதே நாற்பது பேர் முன்னால் திரும்பப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவியின் தாய்

இதை அவள் கையில் கொடுத்தனுப்பவில்லை. வேலைக்குப் போகிற வழியில் அவள் அப்பா ஆபீசில் கொடுப்பார்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

மாணவியின் தாயாருக்கு,

கடிதம் கிடைத்தது. முதல் பத்தியில் மரியாதையும் மூன்றாம் பத்தியில் சண்டையுமாக எழுதும் பழக்கம் உனக்குக் கல்லூரியிலிருந்தே உண்டு.

நாற்பத்தொரு பேர் அளந்தார்கள். நாற்பது பேருக்கு மிட்டாய் சுருங்கியது. ஒருத்திக்கு மட்டும் பெருத்தது. நீயே சொல், நாற்பது ஸ்கேலும் கோணலா? உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். இதைப் பதினாறு வருஷமாக நடத்துகிறேன். ஒரு வருஷமும் மாறியதில்லை.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடவில்லை. புதன்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே அவள் ஆய்வகத்தில் தனியாக நின்றிருந்தாள். "இங்க என்ன?" என்றேன். "சும்மா பாக்க வந்தேன் டீச்சர்" என்றாள். முதல் நாளே தன் பங்கைத் தின்றுவிட்டு, மறுநாள் காலை வேறொன்றைக் கொண்டுவந்து உப்பில்லாத தண்ணீரில் போட்டிருந்தால், வகுப்பு நேரத்துக்குள் அது நாலு மில்லிமீட்டர்தான் ஊதும். பொருந்துகிறதா இல்லையா? அவளுக்கு எலி என்று பெயர் வைத்தவளே நான். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இனிப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். போன பருவத்தில் அவளுக்கு முதல் மதிப்பெண் போட்டேன். வாங்கியதைத்தான் போட்டேன். அன்றைக்கு ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "வீட்டுப் பொண்ணுக்கு மார்க்கும் வீட்டுலேருந்தே கட்டி வந்துடுது" என்றார். பதினாறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அவள் என் வகுப்பில் இருக்கும்வரை ஓர் இம்மிகூட விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் நாக்கை நீட்டத்தான் சொல்லியிருப்பேன்.

வரும் புதனுக்குள் பக்கத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கட்டும். விஷயம் அத்தோடு முடிந்தது.

அறிவியல் ஆசிரியை


ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்கா,

இனி 'நீங்கள்' எல்லாம் கிடையாது. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் நீட்டச் சொல்லியிருப்பாயா? பதினாறு வருஷத்தில் எத்தனை நாக்கைப் பார்த்திருக்கிறாய், சொல். கணக்கு வாத்தியார் வாய்க்குப் பயந்து என் மகளின் வாயைத் திறக்க வைத்தாய். அதுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கடைக்கு அனுப்பி, நீ வாங்கிய அதே மிட்டாய்ப் பாக்கெட்டை வாங்கிவரச் சொன்னேன். நான் படித்தது வணிகவியல். உங்கள் ஆறாம் வகுப்புப் பாடத்தை மூன்று முறை படித்த பிறகுதான் எதை எதில் போட வேண்டும் என்பதே புரிந்தது. மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உப்பு, ஒரு மிட்டாய். நாலாவது டம்ளரில் இரண்டு கரண்டி உப்பு. அவளுக்குத் தெரியாமல் பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். "சாப்பாட்டுல உப்பைக் காணோம், எல்லாம் மேல உக்காந்திருக்கு" என்று அவர் கேலி செய்தார். செய்யட்டும்.

நேற்று சாயங்காலம் எடுத்து அளந்தேன். இருபத்து நான்கு. இருபத்து மூன்று. இருபத்து நான்கு. இரண்டு கரண்டி போட்டதில் இருபத்திரண்டு. ஒன்றுகூடச் சுருங்கவில்லை, அக்கா. என்மேல் நம்பிக்கை இல்லாமல் போகலாம் என்று ஒவ்வொன்றையும் தாளில் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பிசுபிசுப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்.

பிறகு தையல்காரர் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நீ எவ்வளவுன்னு எழுதினே?"

"பதினேழு, ஆன்ட்டி."

"ஸ்கேல் வெச்சுப் பாத்தியா?"

"இல்லை. டீச்சர் முன்னாடியே போர்டுல 'சுருங்கும்'னு எழுதியிருந்தாங்க. பக்கத்து டம்ளர்ல இருந்ததைவிடச் சின்னதாதான் இருந்துச்சு."

"அப்ப பதினேழு எங்கேருந்து வந்துச்சு?"

"முன் பெஞ்சுல பதினேழு போட்டிருந்தாங்க."

உன் நாற்பது ஸ்கேலில் ஒன்று பையை விட்டே வெளியே வரவில்லை. மற்றதை நீ விசாரி. வெறும் தண்ணீரில் ஊதி முப்பத்தொன்றாகக் கிடப்பதன் பக்கத்தில் இருபத்து நாலை வைத்தால் யாருக்கும் அது சின்னதாகத்தான் தெரியும். பார்த்ததோடு நிறுத்தினார்கள். அளந்தவள் ஒருத்தி. அவளைத்தான் நீ பிடித்தாய்.

அவள் காலையில் சீக்கிரம் வந்தது ஏன் என்று கேட்டாயே. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து "இப்ப எவ்வளவு ஊதியிருக்கும்மா?" என்று பத்துத் தடவை கேட்டாள். பல் தேய்க்கும்போது வாய் நிறைய நுரையோடு கேட்டாள். ஒரு பிள்ளை பாடத்தின்மேல் ஆசைப்பட்டு மணிக்கு முன்னால் ஓடிவந்தால் உங்கள் பள்ளியில் அதற்குத் திருட்டு என்றா பெயர்?

நீயே ஒரு டம்ளரில் போட்டுப் பார். அதைக்கூடச் செய்யாமல் பதில் எழுதாதே.

உன் தங்கை


ஆகஸ்ட் 12, செவ்வாய்

தங்கைக்கு,

உன் தாள் வந்தது. கடிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியால் பிரித்தெடுத்தேன்.

அடுக்களை வேறு, ஆய்வகம் வேறு. நீ போட்ட உப்பின் அளவு என்ன, தண்ணீரின் அளவு என்ன, கரண்டி எந்தக் கரண்டி? தாயார் செய்த சோதனையை மகளுக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொண்டால், கணக்கு வாத்தியார் சொன்னதை நானே உறுதி செய்ததாக ஆகிவிடும்.

இனி இந்தப் பேச்சுக்கே அவசியம் இல்லை. நேற்று முதல் பாடவேளை முடிந்ததும் அவளே என் மேசைக்கு வந்தாள். புதிதாக எழுதிய பக்கத்தைக் கொடுத்தாள். உப்புத் தண்ணீர், பதினேழு மில்லிமீட்டர், சுருங்கியது. "முன்னாடி எழுதினது தப்பு டீச்சர்" என்றாள். நான் மிரட்டவில்லை, கேட்கவும் இல்லை. முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன்.

நீ என்னைக் குறுக்கு விசாரணை செய்தது போதும். உன் மகளைக் கேள்.

அக்கா


ஆகஸ்ட் 13, புதன்

அக்கா,

கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குக் கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எலி, டீச்சர்கிட்ட வேற பக்கம் குடுத்தியா?" என்றேன். தலையை நிமிர்த்தாமல் "ம்" என்றாள். "நீ அளந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் எனக்குக் கோபம் வராது என்று தேடுகிறாள் என்பது தெரிந்தது. பிறகு கேட்டாள்: "பதினேழுன்னு போட்டது போதுமாம்மா? இல்ல பதினாறுன்னு போட்டிருக்கணுமா?"

அவள் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்தேன். "யாரு உன்னை மாத்தச் சொன்னது?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது.

"நீதானேம்மா."

இது உனக்குத் தெரியாது. எழுதவும் எனக்குக் கை கூசுகிறது. போன புதன்கிழமை சிவப்பு மையைக் காட்டினாளே, அன்றைக்கு அவள் "நிஜமாவே இருபத்தி நாலும்மா, ரெண்டு தடவை வெச்சுப் பாத்தேன்" என்று சொன்னாள். நான் அவளை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஊரில் யார் சொன்னாலும் சந்தேகப்படுவேன், உன்னைச் சந்தேகப்பட்டதில்லை. "டீச்சர் சொல்றபடி எழுதிக் குடுத்துட்டு வா, வம்பு எதுக்கு" என்றேன். மறுநாள் நாக்கு விஷயம் தெரிந்து கொதித்தேன். உனக்குக் கடிதம் எழுதினேன், உப்பைக் கரைத்தேன், எல்லாம் செய்தேன். அவளிடம் போய் "நான் சொன்னதும் தப்பு" என்று மட்டும் சொல்லவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். டப்பாவை யாரும் கிட்டே நகர்த்தவில்லை. பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் சொன்னபடி செய்துவிட்டாள்.

ஆகவே என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். அதற்காக உன்மேல் இருக்கிற கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. இருபத்து நான்கு என்று எழுதியபோது அவளைப் பொய்க்காரி என்றாய். பதினேழு என்று நிஜமாகவே பொய் சொன்னபோது முழு மதிப்பெண் கொடுத்தாய். இதைவிடச் சுத்தமாக ஒரு பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க முடியாது. அவளும் நன்றாகக் கற்றுக்கொண்டாள். பதினேழுக்கும் பதினாறுக்கும் நடுவில் எது உனக்குப் பிடிக்கும் என்று யோசிக்கிறாள்.

மதிப்பெண்ணை நீயே வைத்துக்கொள். கணக்கு வாத்தியாரையும் வைத்துக்கொள். ஒரே ஒரு மிட்டாயை உப்புத் தண்ணீரில் போடு. உன் ஆய்வகத்தில், உன் கரண்டியால், உன் அளவில் போடு. பிறகு ஸ்கேலை வை. அவ்வளவுதான் கேட்கிறேன். இதற்கும் மாட்டேன் என்றால் அவளை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவேன். இதை அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 18, திங்கள்

தங்கைக்கு,

போட்டேன். வெள்ளிக்கிழமை சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்ததும் ஆறு டம்ளரில் போட்டேன். சனிக்கிழமை காவலாளியிடம் சாவி வாங்கிப் போய் அளந்தேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்து நான்கு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்து நான்கு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகவில்லை. அலமாரியில் என் பழைய குறிப்புத் தாள்தான் இருந்தது. பதினைந்து வருஷமும் நான் இந்தச் சோதனையை உருளைக்கிழங்குத் துண்டில்தான் செய்தேன். உருளைக்கிழங்கில் பெரும்பாலும் தண்ணீர். வெளியே இருக்கிற உப்பு அதை இழுத்துவிடும். துண்டு துவண்டு சுருங்கும். இந்த வருஷம் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மிட்டாய் வாங்கினேன். தாளில் 'உருளைக்கிழங்கு' என்பதை அடித்து மேலே 'மிட்டாய்' என்று எழுதினேன். கீழே இருந்த முடிவை அப்படியே விட்டுவிட்டேன். மிட்டாய் முழுக்கச் சர்க்கரை. ஒரு கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரைவிட அதன் உள்ளேதான் அடர்த்தி அதிகம். தண்ணீர் உள்ளேதான் போகும். வெறும் தண்ணீரைவிடக் குறைவாகப் போகும், அவ்வளவுதான். இதை ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் நான் சொல்லித் தருவேன். என்னை யாரும் கேட்கவில்லை. அளந்து காட்டியவளை நாக்கை நீட்டு என்றேன்.

இன்று வகுப்பில் சொன்னேன். நீ கேட்டபடி நாற்பது பேரும் இருந்தார்கள். வராமல் இருந்த ஒரு பெண் வரட்டும் என்று இரண்டாம் பாடவேளை வரை காத்திருந்தேன்.

"அன்னிக்கு மிட்டாய் விஷயத்துல தப்பு என்னோடது. இவ எழுதினது சரி. நான் தாளைப் பாத்துச் சொன்னேன். இவ டம்ளரைப் பாத்து எழுதினா. இவளைப் பொய் சொன்னான்னு சொன்னது, நாக்கை நீட்டச் சொன்னது, ரெண்டுமே நான் செஞ்சிருக்கக் கூடாது."

"நிஜமா ஸ்கேல் வெச்சவங்க கை தூக்குங்க, நான் திட்ட மாட்டேன்" என்றேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று, கடைசியில் ஏழு. ஒரு பையன் எழுந்து, "எனக்கு இருபத்தி மூணு வந்துச்சு டீச்சர். நான்தான் தப்பா அளந்துட்டேன்னு நெனச்சுப் பதினெட்டாக்கிட்டேன்" என்றான். முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்க மார்க்கையெல்லாம் பிடிச்சுடுவீங்களா டீச்சர்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து மூன்று பேர் அளக்காமலே எழுதியிருக்கிறார்கள். ஏழு பேர் அளந்துவிட்டு மாற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நான் 'நன்று' போட்டிருக்கிறேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவள் எழுந்தே நின்றாள். உட்கார் என்றாலும் உட்காரவில்லை. "உன் பழைய பக்கத்தைக் கொண்டா, அந்தச் சிவப்பு மையை நானே அடிக்கிறேன்" என்றேன்.

"அது இப்ப இல்ல டீச்சர். கிழிச்சுட்டேன்." பிறகு, "பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

நான் அவள் பெரியம்மா. என்னிடம் 'பரவாயில்லையா' என்று கேட்கிறாள். கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

வகுப்பு முழுக்க நாளை மறுபடி போடுகிறோம். புதன்கிழமை அளக்கிறோம். போர்டில் ஒன்றும் எழுத மாட்டேன். மத்தியானம் கணக்கு வாத்தியார், "என்ன டீச்சர், தங்கச்சி வீட்டுல தீர்ப்பு மாறிடுச்சா?" என்றார். "ஆமா சார், ஒரு ஸ்கேல் எடுத்துட்டு வாங்க, நீங்களும் பாக்கலாம்" என்றேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். வேண்டாம் என்றால் அதையும் தேதி போட்டு எழுதிவிடு.

அக்கா


ஆகஸ்ட் 20, புதன்

அக்கா,

நீ சொன்னதைத் தையல்காரர் மகள் திங்கட்கிழமையே ஓடிவந்து வாசலில் ஒப்பித்துவிட்டாள், உன் குரல் மாதிரியே. இன்று மதியம் டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டார்களாம். காலியாக வந்தது. அந்த மட்டும் நிம்மதி. நானும் அவளிடம், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். "சரிம்மா" என்றாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் கோபம் தீர்ந்தது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. இன்று சாயங்காலம் வந்ததும் நோட்டை விரித்து உட்கார்ந்தாள். வகுப்பில் அளந்ததைச் சின்னத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். இந்த முறையும் உப்புத் தண்ணீரில் இருபத்து நான்கு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இருபத்தி நாலுதாம்மா வந்திருக்கு. எழுதலாமா?"

அவள் கண்ணால் பார்த்ததை எழுத அவளுக்கு என் அனுமதி வேண்டியிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "எழுது" என்றேன். பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கி நோட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"பென்சில்லயே எழுதிக்கறேம்மா. மாத்தணும்னா ஈஸியா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வா. அவளிடம் என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. நீ பாதி பேசு, நான் பாதி பேசுகிறேன். இதைக் கெடுத்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

தங்கை